மூணாவது வரிசை

– மூணும் ஒரே வண்டிதான்க்கா. பேரு ஒண்ணு, கம்பெனி ஒண்ணு, பொறந்த வருசம்தான் வேற. வாசல்ல நிக்கிற கறுப்பு மூத்தது. அந்த வெள்ளை நடுவுல உள்ளது. செட்டுக்குள்ள நிக்கிற செவப்பு கடைக்குட்டி. மூணையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. இந்த நவாஸ் யாரையும் அவசரப்படுத்த மாட்டான்.

– எனக்கு அந்தச் செவப்புதான் தம்பி. உள்ள நொழையும்போதே பாத்துட்டேன்.

– ஏறிப் பாக்காமலே பிடிச்சிருச்சாக்கும்? மூத்ததுல இருந்து வரிசையா வருவோம் அனுசுயா. ஏறு.

– எங்கன ஏற? படி இடுப்பு ஒசரத்துல இருக்கு. மாமாவுக்கு முட்டி மடங்காது. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா ரெண்டு ஆளு வச்சுத் தூக்கித்தான் இதுல ஏத்தணும்.

– அதுக்கு ஒரு படி அடிச்சுத் தந்துர்றேன்க்கா, அது பெரிய விசயமில்ல. ஈஸ்வரபாண்டி அண்ணே, கேளுங்க, சும்மா சொல்லல. குமுளிக்கு மேல ஏலத்தோட்டம் வச்சிருக்கிற ஒரு மலையாளத்துச் சேட்டன் ஓட்டுன வண்டி இது. மழையில, சகதியில, செங்குத்தான ரோட்டுல, எங்கன விட்டாலும் ஏறி வந்துரும். இப்ப வர்ற வண்டிகள்ல இம்புட்டுக் கனமாத் தகரம் போடுறதில்ல. தட்டிப் பாருங்க.

– சத்தமே கெத்தாத்தேன் இருக்கு. நம்ம வாழைத்தோப்புக்குள்ள போயிட்டு வர இதுதேன் தோது.

– தோப்புக்கு டிராக்டர் இருக்கு. நாம இப்ப வீட்டுக்கு வண்டி பாக்க வந்தோமா, தோப்புக்குப் பாக்க வந்தோமா?

– அது கெடக்கு. நவாசு, எனக்கு ஏழு சீட்டு வேணும். இதுல பின்னாடி எத்தனை பேரு உக்காரலாம்?

– பின்னாடி எதிரெதிரா ரெண்டு பெஞ்சுண்ணே. கல்யாணம் காதுகுத்துன்னா நாலு பேரு நெருக்கி உக்காந்துக்கலாம்.

– சின்னப் பிள்ளைக உக்காந்தா?

– பிள்ளைகளுக்கு அது வெளையாட்டுக் கூடம் மாதிரி. ஆனா கேளுங்கண்ணே, நான் மறைச்சு யாவாரம் பண்ண மாட்டேன். அந்தப் பெஞ்சுல பெல்ட்டு கெடையாது. சடார்னு பிரேக்கு அடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு போய் விழுகும். பிள்ளைகள வச்சு ஓட்டுறதுன்னா நடு வண்டி பாருங்க. ஆமா, உங்களுக்குப் பிள்ளைக எத்தனை பேரு?

– ம்.

– இல்லண்ணே, சீட்டுக் கணக்குக்காகக் கேட்டேன்.

– எங்களுக்குப் பிள்ளை இல்ல தம்பி. மார்க்கையன்கோட்டையில ஒரே வீட்டுல நாங்க ரெண்டு பேரு, மாமா, அத்தை. அம்புட்டுத்தான்.

– அக்கா, மன்னிச்சிருங்க. தெரியாமக் கேட்டுட்டேன்.

– நீங்க என்ன தம்பி பண்ணுவீக? எல்லாரும் கேக்குறதுதான். இந்தாங்க, அந்த நடு வண்டியக் காட்டச் சொல்லுங்க. நின்னுக்கிட்டே பொழுது போகுது.

– சாவி இந்தாங்கண்ணே. டவுனுக்குள்ள விட வேணாம், ரெண்டாவது கியரத் தாண்டாது. வீரபாண்டிப் பக்கமாத் திருப்புங்க. நான் முன்னாடி உக்காந்துக்கிறேன். அக்கா, நீங்க நடுவுல வாங்க.

– அனுசுயா, நடுவுல வேணாம். நீ கடைசி வரிசையில போயி உக்காரு.

– நானா? எதுக்கு?

– எப்பிடி இருக்குன்னு யாராச்சும் உக்காந்து பாக்கணும்ல. நானா ஓட்டிக்கிட்டே பின்னாடியும் உக்கார முடியும்?

– அந்த ஓரத்துல ஒரு பிடி இருக்குக்கா. அத இழுத்தீகன்னா நடு சீட்டு முன்னாடி மடங்கிக் குடுக்கும். ஆங், அப்படித்தான். தலையக் குனிஞ்சு வாங்க.

– ஆத்தாடி. முட்டி வந்து தாடையில இடிக்குது.

– பெரியாளுகளுக்கு அப்படித்தான் இருக்கும். பத்து வயசு, பன்னெண்டு வயசுப் பிள்ளைகளுக்கு அது மெத்தை. மூத்த வண்டியில இருந்த பெஞ்சத் தூக்கிட்டு, இதுலதான் ரோட்டப் பாத்து உக்கார்ற மாதிரி சீட்டு போட்டாக. பெல்ட்டும் வச்சுட்டாக. ஏசி அங்கன வருதாக்கா?

– வருது.

– வண்டி நல்லா இழுக்குது நவாசு. காத்துக்குக்கூட அசைய மாட்டேங்குது.

– ஆடிக் காத்துக்கு இந்த ரோட்டுல பைக்கே ஓட்ட முடியலண்ணே. உங்க பக்கம் வாழைக்கெல்லாம் எப்படி?

– முட்டுக் குடுத்ததுக நிக்குது. மத்ததுக தலையத் தொங்கப் போட்டுருச்சு. அது கெடக்கு. அனுசுயா, அங்கன இருந்து பாத்தா என்னா தெரியுது?

– மலை தெரியுது. கரண்டு காத்தாடி சுத்துறது தெரியுது. நீங்க ரெண்டு பேரும் எங்கேயோ தூரத்துல இருக்க மாதிரி இருக்கு. பேசுறதுல பாதிதான் காதுல விழுகுது.

– அப்ப, ஒரு பிள்ளை அங்கன தனியா உக்காந்தா பயப்படுமோ?

– எந்தப் பிள்ளை?

– பொதுவாத்தேன் கேட்டேன்.

– நீங்க பொதுவாக் கேக்கல.

– அண்ணே, பாங்கு சொல்றாக. அந்தப் பள்ளிவாசலுக்கு முன்னாடி ஓரங்கட்டுங்க, நான் தொழுதுட்டு வந்துர்றேன். வண்டிய அணைக்க வேணாம், ஏசியப் போட்டு உக்காந்திருங்க. அக்கா வேர்க்காம இருப்பாக.

– போயிட்டு வாங்க நவாசு. நாங்க இருக்கோம்.

– போயிட்டாரா?

– போயிட்டாரு. நடுவுக்கு வா அனுசுயா. முட்டி வலிக்கும்.

– நான் இங்கனயே இருக்கேன். நீங்கதானே இங்கன உக்காரச் சொன்னீக. இப்ப சொல்லுங்க, ஏழு சீட்டு யாருக்குப் பாக்குறீக?

– உனக்குத் தெரியாதாக்கும்?

– தெரியும். உங்க வாயால சொல்லுங்க.

– நம்ம ரெண்டு பேரு. அப்பா, அம்மா. மதுரையில ஞாயித்துக்கெழம பாத்துட்டு வந்தோமே, அந்த மூணு பிள்ளைக.

– நான் இன்னும் சரின்னு சொல்லலையே.

– வேணாம்னும் சொல்லலையே. அங்கன இருந்து வந்ததுல இருந்து நீ ஒண்ணுமே சொல்லல. அதுதேன் எனக்குப் பயமா இருக்கு.

– என்னத்தச் சொல்லச் சொல்றீக? நான் கேட்டது ஒரே ஒரு கைப்பிள்ளை. மதுரையில ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா நடந்து, ஊசி போட்டு இடுப்பு மரத்துப் போயி, கடைசியில அந்த டாக்டரம்மா போதும்னு கையப் பிடிச்சுச் சொன்னாகளே, அன்னைக்கும் பஸ்ஸுல உங்ககிட்ட அதைத்தானே சொன்னேன். பெத்துக்கத்தான் முடியல, வளக்கவாச்சும் செய்யணும்னு. ராத்திரியில எந்திரிச்சு அழுகுற பிள்ளை வேணும் எனக்கு. குப்புற விழுகுறதப் பாக்கணும், தவழுறதப் பாக்கணும், மொதப் பல்லு மொளைக்கிறதப் பாக்கணும். பச்சப்பிள்ளை உச்சந்தலையில ஒரு வாசம் வரும்னு சொல்றாகளே, அது என் மூக்குக்கு வேணும். இது பேராசையா?

– பேராசை இல்ல.

– தத்தெடுக்கப் பதிஞ்சு வச்சு வருசக்கணக்கா உக்காந்திருக்கோம். போன் அடிக்கிறப்பெல்லாம் அடுப்ப அணைச்சுட்டு ஓடி வந்தேன். கடைசியில மதுரை இல்லத்துல இருந்து கூப்பிட்டு, கைப்பிள்ளை இப்போதைக்கு இல்ல, அக்கா, தங்கச்சி, தம்பின்னு மூணு பேரு இருக்காக, பிரிச்சுத் தர மாட்டோம், பாக்க வர்றீகளான்னு கேக்குறாக. நீங்க ஒடனே வர்றோம்னுட்டீக.

– பாக்கத்தானே போனோம்.

– பாத்துட்டுத்தானே நீங்க ஏழு சீட்டு வண்டி தேடுறீக?

– அந்த மகிழன் என் வெரலப் பிடிச்சுக்கிட்டான் அனுசுயா. மூணு வயசுப் பய. பேரு என்னான்னு கேட்டேன், சொல்லல. ஆனா வெரல விடல. வெளிவாசல் வரைக்கும் பிடிச்சுக்கிட்டே வந்தான். அங்கன வச்சு அவுக அவன் கைய எடுத்துவிட்டாக. அதுல இருந்து எனக்கு இந்த வெரலு வேற யாரோ வெரலு மாதிரி இருக்கு. தோப்புல அருவாளப் பிடிக்க முடியல.

– அவன எனக்குப் பிடிக்கலைன்னு சொன்னேனா? நடுவுல உள்ளவளும்தான். வந்ததும் எஞ் சேலைய மோந்து பாத்துச்சு. ஏன்னு கேட்டா, மல்லிகைப்பூ வாசம்னுச்சு. அவுக ரெண்டு பேரையும் நான் இன்னைக்கே இடுப்புல தூக்கிட்டு வந்துருவேன்.

– அப்பறம் என்னா?

– பெரியவ.

– செல்வமீனாவா?

– நம்மள அது ஏறெடுத்துக்கூடப் பாக்கல. கவனிச்சீகளா? நான் பால்கோவாவ நீட்டுறேன், கையக்கூடத் தூக்கல. தூணுக்கு அந்தப் பக்கமாப் போயி, செவத்தப் பாத்துத் திரும்பி நின்னுருச்சு. கெளம்புறப்ப நான் கிட்டப் போறேன், இன்னும் தள்ளிப் போகுது. ஒம்பது வயசு. எல்லாம் தெரிஞ்ச வயசு. அது மனசுக்குள்ள ஒரு அம்மா இருக்கா. செத்துப் போனாலும் அங்கனதான் உக்காந்திருப்பா. அந்த எடத்துல நான் போயி உக்கார முடியுமா?

– அந்த எடம் எதுக்கு? பக்கத்துல உக்காரு.

– உக்கார விடணும்ல. வேணாம்னு திரும்பி நிக்கிற பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, தெனமும் அந்த முதுகப் பாத்துக்கிட்டே எப்படிங்க சோறு போடுவேன்? எனக்கு அம்புட்டுத் தெம்பு இல்ல. இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில தீந்துபோச்சு.

– அழுகாத அனுசுயா.

– நீங்க என்னையக் கெட்டவன்னு நெனைக்கிறீக.

– நெனைக்கல. நீ சொல்றது சரிதேன். மனசில்லாம ஒரு பிள்ளைய வளக்கக் கூடாது. அது அந்தப் பிள்ளைக்குச் செய்யுற பாவம். அந்த இல்லத்து ஞானசிகாமணி சாருக்கு நானே போனப் போட்டுச் சொல்லிர்றேன். எங்களால முடியல, வேற யாருக்காவது குடுங்கன்னு. நாம கைப்பிள்ளைக்கே காத்திருப்போம்.

– நெசமாத்தான் சொல்றீகளா?

– நெசமாத்தேன். வா, எறங்கி முன்னாடி வா. நவாசு வர்றாரு.

– கேளுங்கண்ணே, ரொம்ப நேரம் ஆக்கிட்டேனா? அக்கா, என்ன கண்ணு செவந்திருக்கு?

– காத்துல தூசி தம்பி.

– கண்ணாடிய ஏத்தி விட்டுருக்கலாம்லக்கா. வண்டி எப்படி? பிடிச்சதா?

– செட்டுக்குப் போவோம் நவாசு. அந்தச் செவப்பையே பாத்துருவோம். அஞ்சு சீட்டு போதும் எங்களுக்கு.

– அண்ணே, இவ்வளவு நேரம் ஏழு ஏழுன்னீக?

– இப்ப அஞ்சுங்கிறேன்.

– சரி. வாங்குறவுக சொல்றதுதான் சட்டம்.

– செட்டு வந்தாச்சு. இந்தக் கடைக்குட்டிய அக்காவே ஓட்டட்டும்ணே. கியரே கெடையாது. அந்தக் கம்பிய ‘டி’ங்கிற எழுத்துல வச்சுட்டு மிதிச்சாப் போதும், அதுவாப் போகும். அக்கா, வண்டி ஓட்டுவீகள்ல?

– ஓட்டுவேன் தம்பி. மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நான்தான் பக்கத்து வீட்டு வண்டிய எடுப்பேன்.

– அப்ப எடுங்க. ரிவர்ஸ் போட்டா பின்னாடி இருக்கிறது பூராம் அந்தத் திரையில தெரியும். மெதுவா. பாத்தீகளா, எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது? மூத்த ரெண்டு வண்டியிலயும் இது கெடையாதுக்கா. மேல கண்ணாடியத் தொறந்தா வானம் தெரியும். பின்னாடி டிக்கி என்னா பெருசு தெரியுமா? தொட்டில மடக்கிப் போடலாம், பால் பாட்டில் பையி, துணிப் பையி...

– நவாசு.

– அண்ணே?

– அது போதும்.

– இல்லண்ணே, எல்லாருக்கும் சொல்ற மாதிரி வாயில வந்துருச்சு. அக்கா, தப்பா எடுத்துக்காதீக.

– ஒண்ணுமில்ல தம்பி. டிக்கி பெருசுதான். கண்ணாடியில பாத்தாலே தெரியுது. பின்னாடி பூராம் வெறிச்சோன்னு இருக்கு.

– வண்டி பிடிக்கலையா அனுசுயா? இதத்தேன கேட்ட?

– பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னுதானே சொல்றேன்.

– பிடிச்சவுக மொகம் இப்படியா இருக்கும்?

– ரோட்டப் பாத்து ஓட்ட விடுங்க.

– அண்ணே, உங்க போனக் குடுங்க, இதுல சேத்துக் காட்டுறேன். பாட்டுக் கேக்கலாம், வழி பாக்கலாம், கால் வந்தா கையில எடுக்க வேணாம், வண்டியே பேசும். இந்தா, சேந்துருச்சு. அடடா, சொல்லி வச்ச மாதிரி ஒரு கால் வருது பாருங்க. அந்தப் பச்சையத் தொடுங்கண்ணே.

– ஹலோ, ஈஸ்வரபாண்டிங்களா? ஞானசிகாமணி பேசுறேன். மதுரை குழந்தைகள் இல்லத்துல இருந்து.

– ஐயய்யோ. வண்டி பூராம் கேக்குதே. நவாசு, இத எப்படி நிறுத்துறது?

– ஸ்டியரிங்குல அந்தப் பட்டன், இல்லண்ணே, அது சத்தத்தக் கூட்டுறது! அக்கா, ஓரமா நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன். உங்க வீட்டு விசயம்.

– நீங்க இருங்க தம்பி. ஒளிக்க என்ன இருக்கு? நிறுத்திட்டேன். சார் பேசட்டும்.

– சார், சொல்லுங்க. நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம். ஒரு முடிவு...

– முடிவச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குடுங்க. அந்தப் பெரிய பொண்ணு செல்வமீனா, ரெண்டு நாளா என் ரூம் வாசல்லயே நிக்குது. சாப்பிடக் கூப்பிட்டா வரல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். மூணு பேரையும் பிரிக்க மாட்டோம்னு நாங்க எத்தனையோ தடவை சொல்லிட்டோம், அதுக்கு நம்பிக்கை வரல. இப்படிப் பேச விடுறது வழக்கமில்லங்க. ஆனா என்னால இதுக்கு மேல பாத்துக்கிட்டு இருக்க முடியல. குடுக்கட்டுங்களா?

– அனுசுயா, என்னா சொல்ல?

– குடுக்கச் சொல்லுங்க.

– குடுங்க சார்.

– ஹலோ.

– சொல்லும்மா. நான்தேன், அன்னைக்கு வந்த...

– அங்கிள், ஆன்ட்டி இருக்காங்களா?

– இருக்கேன்.

– ஆன்ட்டி, அன்னைக்கு நான் திரும்பி நின்னது கோவத்துல இல்ல. முன்னாடி வேற ஒருத்தவங்க வந்தாங்க. என்னையப் பாத்ததும் இவ்வளவு பெரிய பிள்ளையான்னு கேட்டாங்க. தம்பியத் தூக்கக்கூட இல்ல, போயிட்டாங்க. அதான் நீங்க வந்தப்ப என் மூஞ்சி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு தூணுக்குப் பின்னாடி போயிட்டேன். நீங்க கிட்ட வந்தீங்களா, அதான் தள்ளித் தள்ளிப் போனேன்.

– ஏ ஆத்தா...

– நான் சொல்லிர்றேன் ஆன்ட்டி, சார் போன வாங்கிருவாரு. தம்பிக்கு லைட்ட அணைச்சா பயம். என் துண்டப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான், அதக் குடுத்து விடுறேன், தொவைச்சுறாதீங்க, வாசம் போயிட்டா அழுவான். தங்கச்சிக்கு முட்டை ஆகாது. ஒடம்பு பூரா தடிச்சிரும். வேணாம்னு அவளாச் சொல்ல மாட்டா, குடுத்தா சாப்பிட்டுருவா, நீங்கதான் பாத்துக்கணும். கூட்டிட்டுப் போறப்ப சன்னலோரமா உக்கார வைங்க, இல்லைன்னா வாந்தி எடுப்பா. வேற ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்க. அவங்களக் கூட்டிட்டுப் போங்க. நான் இங்கயே இருந்துக்குவேன். நான் பெரிய பிள்ளைல்ல.

– அக்கா, இந்தத் தண்ணியக் குடிங்க.

– அனுசுயா. ஏய் அனுசுயா. இங்க பாரு.

– ஹலோ? ஆன்ட்டி? லைன்ல இருக்கீங்களா?

– இருக்கேன் ஆத்தா, இருக்கேன். தம்பிக்குச் சொல்லிட்ட. தங்கச்சிக்குச் சொல்லிட்ட. ஒனக்கு என்ன ஆகாதுன்னு நீ சொல்லவே இல்லையே?